ஆசிரியரின் ஆசிரியர்

கொடகவெல என்ற ஊரின் பெயரை வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இரத்தினபுரி மாவட்டத்தில், பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய செல்லும் பெருந்தெருவில், கஹவத்தையையும் மாதம்பைச் சந்தியையும் கடந்த பின்னர் வரும் சிறு நகரம் அது. மேற்கே றக்வானை மலைத்தொடர். தெற்கு நோக்கிச் செல்லச் செல்ல மழை குறைந்து உலர்வலயம் நெருங்கும். சுற்றிலும் இறப்பர், தேயிலைத் தோட்டங்கள். பள்ளங்களில் வயல்களும் இரத்தினக்கல் அகழும் குழிகளும். மலையகம் என்றதும் நுவரெலியாவையும் ஹட்டனையும் மட்டுமே நினைப்போருக்கு, சப்பிரகமுவவின் இந்தத் தாழ்ந்த மலைகளிலும் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர் என்பதை ஒவ்வொரு முறையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1980ஆம் ஆண்டில் அந்நகரத்தின் மண்டபமொன்றில் ஞாயிறு தோறும் காலையில் கராத்தே வகுப்பு நடைபெற்றது. புரூஸ் லீயின் ‘எண்டர் த டிராகன்’ 1973இல் வெளிவந்த பின்னர் உலகின் எந்த மூலையிலும் இளைஞர்களை ஆட்கொண்ட மோகம் எங்களையும் விட்டுவைக்கவில்லை. தோட்டங்களிலிருந்து நாங்கள் ஐவர் நான்கு மைல் நடந்து வகுப்புக்குப் போவோம். சீருடை வாங்க வசதியில்லை. கோதுமை மா வரும் சாக்குத் துணியை அவித்து வெளுத்து, தோட்டத்துத் தையற்காரர் தைத்துக் கொடுத்தார். எத்தனை முறை துவைத்தாலும் முதுகில் எழுத்துகள் மங்கலாகத் தெரியும். அதற்காக அங்கு எவரும் சிரித்ததில்லை என்பதை இன்றும் நன்றியுடன் நினைக்கிறேன்.

எங்கள் ஆசிரியர் சிங்களவர். வயது முப்பதுக்குள். நாங்கள் அவரைச் ‘சேர்’ என்றே அழைத்தோம். வகுப்பு சிங்களத்தில் நடந்தது. ஆனால் எண்ணிக்கையும் கட்டளைகளும் ஜப்பானிய மொழியில்: இச்சி, நி, சன், ஷி, கோ. வெளியே கடைத்தெருவில் வாய் திறந்தால் நாங்கள் தமிழர் என்பது தெரிந்துவிடும். 1977 ஆகஸ்டில் நடந்தவற்றுக்குப் பின் அது சிறு விடயமன்று. மண்டபத்தினுள்ளேயோ அனைவருக்கும் சம அளவில் அந்நியமான ஒரு மொழியில் எண்ணினோம். அந்த ஒரு மணி நேரத்துக்கு எவருடைய உச்சரிப்பும் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஒரு ஞாயிறு வகுப்பின் முடிவில் சேர் அறிவித்தார்: “அடுத்த கிழமை என்னுடைய சேர் வருகிறார்.”

அதுவரை அவருக்கும் ஓர் ஆசிரியர் இருப்பார் என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததே இல்லை.

பெரிய சேர் வந்தார்

அந்த வாரம் முழுவதும் எங்கள் கற்பனையில் வெண்தாடி வைத்த முதியவர் ஒருவர் உலவினார். ஒரே அடியில் பாறையைப் பிளப்பவர், கண்ணைக் கட்டிக்கொண்டு சண்டையிடுபவர் என்றெல்லாம் பேசிக்கொண்டோம். கொழும்பு பஸ்ஸிலிருந்து இறங்கியவரோ மூக்குக் கண்ணாடி அணிந்த, கையில் குடை வைத்திருந்த, ஏறத்தாழ நாற்பத்தைந்து வயது மனிதர். கச்சேரியில் கோவை பார்க்கும் எழுதுவினைஞர் என்றால் நம்பியிருப்போம்.

எங்களைத் திகைக்க வைத்தது அவருடைய தோற்றமன்று. எங்கள் சேரிடம் ஏற்பட்ட மாற்றம். எங்களை ஒரு பார்வையால் அடக்குபவர், பஸ் தரிப்பிடத்தில் ஓடிச் சென்று பையை வாங்கினார். மண்டபத்தில் எங்களுடன் வரிசையில், வலது கோடியில் நின்று வணங்கினார். “முழங்காலை மடக்கு” என்று பெரிய சேர் சொன்னபோது, “ஒஸ்” என்று பதில் கூறி மடக்கினார். ஆசிரியர் ஒருவர் மாணவராக மாறுவதை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

நாங்கள் கற்றது கோஜு-ரியூ என்ற பாணி. வன்மையும் மென்மையும் என்பது அப்பெயரின் பொருள். அதன் அடிப்படையாக விளங்குவது ‘சன்சின்’ என்ற பயிற்சி. கால்களை உட்புறமாகத் திருப்பி ஊன்றி, மூச்சைக் கட்டுப்படுத்தி, மெதுவாக முன்னேறிக் கைகளை நீட்டி மடக்க வேண்டும். பார்ப்பவருக்கு அதில் ஒன்றுமே இல்லை. மாணவர் சன்சின் செய்யும்போது ஆசிரியர் பின்னால் நின்று இரு உள்ளங்கைகளாலும் தோளில் தட்டி, தசை இறுகியிருக்கிறதா, தோள் தாழ்ந்திருக்கிறதா என்று சோதிப்பார்.

பெரிய சேர் என் பின்னால் வந்து தட்டினார். பிறகு நிறுத்தினார். அடுத்தவனிடம் போனார், அங்கும் நிறுத்தினார். வரிசை முழுவதையும் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் எல்லோருக்கும் இடது தோள் சற்றே மேலே தூக்கியிருந்தது.

“இது சன்சின் இல்லை. இது அவனுடைய காயம்” என்று எங்கள் சேரைச் சுட்டிக் காட்டினார். பல ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் பயிற்சியின்போது விழுந்து, எங்கள் சேரின் இடது தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. அது சரியாகப் பொருந்தாததால் தோள் சற்று உயர்ந்தே நின்றது. அதனை நாங்கள் கலையின் ஒரு பகுதி என்று எண்ணி, இரண்டு ஆண்டுகளாக மிகுந்த சிரத்தையுடன் பயின்றிருந்தோம். எங்கள் சேரும் தலையைக் குனிந்து சிரித்தார். தான் தவறாகக் கற்பித்ததை மாணவர் முன்னிலையில் ஒப்புக்கொள்வது அவருக்குச் சிறுமையாகத் தோன்றவில்லை. தோளை இறக்கச் சொல்லி ஒவ்வொருவரையும் திருத்தினார்.

ஆசிரியரின் ஆசிரியரை எதற்காகச் சந்திக்க வேண்டும் என்ற கேள்விக்கு அன்று கிடைத்த விடையை விடச் சிறந்த ஒன்றை நான் பின்னர் எந்த நூலிலும் படிக்கவில்லை. நாம் பெற்றதில் எது கலை, எது நம் ஆசிரியரின் தனிப்பட்ட காயம் என்று பிரித்துக் காட்டக்கூடியவர் அவர் ஒருவரே.

பிறகு அவர் கேட்ட ஒரு கேள்விக்குக் கட்டுரையின் இறுதிப் பகுதியில் வருகிறேன். அதற்கு முன், இந்தக் கலை எவ்வாறு கைமாறிக் கைமாறி வந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஒகினாவாவின் இரவுப் பள்ளிகள்

கராத்தேயின் தாயகம் ஜப்பானின் பெருந்தீவுகள் அன்று. தெற்கே உள்ள ஒகினாவாத் தீவு. அது ரியுக்கியு என்ற தனி இராச்சியமாக இருந்தது. 1609இல் ஜப்பானின் சட்சுமா ஆட்சியாளர் அதனைக் கைப்பற்றினர். ஆயினும் அரசரை நீக்கவில்லை. சீனத்துடன் தொன்றுதொட்டு நிலவிய வணிகமும் தூதும் தொடர்ந்தன. 1879இல் ஜப்பான் அந்த இராச்சியத்தை முற்றாக ஒழித்துத் தனது மாவட்டங்களில் ஒன்றாக்கிக் கொண்டது. உள்ளூரின் ‘கை’ வித்தையும் சீனத்தின் புஜியன் மாகாணத்திலிருந்து வந்த முறைகளும் கலந்து உருவான கலை ‘சீனக் கை’ என்று பொருள்படும் பெயரால் வழங்கியது. அது பொதுவில் கற்பிக்கப்படவில்லை. நம்பிக்கைக்குரிய ஒருவருக்கோ இருவருக்கோ, பெரும்பாலும் இரவு வேளையில், வீட்டு முற்றத்தில் கற்பிக்கப்பட்டது.

சூரி அரண்மனையில் அரசரின் மெய்க்காவலராக இருந்த மட்சுமுரா சோகோன் அக்காலத்தின் பெயர்பெற்ற ஆசான். அவரிடம் பயின்ற இருவர் அசாட்டோ அங்கோவும் இடோசு அங்கோவும். 1868இல் பிறந்து பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய ஃபுனகோஷி கிச்சின், அசாட்டோவிடம் கற்றார். ஒரே பயிற்சியை மாதக்கணக்கில், ஆசிரியர் போதும் என்று சொல்லும் வரை, முற்றத்தில் விளக்கொளியில் திரும்பத் திரும்பச் செய்ததைத் தமது தன்வரலாற்றில் அவர் எழுதியுள்ளார். அசாட்டோவின் நண்பரான இடோசுவிடமும் பயின்றார். தம் ஆசிரியர்களின் ஆசிரியரான மட்சுமுராவிடமும் சிறிது காலம் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அந்த ஃபுனகோஷியே 1922இல் டோக்கியோவில் கலையை நிகழ்த்திக் காட்டி, ஜப்பான் முழுவதும் பரவ வழி செய்தவர்.

இதற்கு முன்னரே இடோசு ஒரு பெரிய மாற்றத்தைச் செய்திருந்தார். 1901இல் சூரியிலுள்ள ஆரம்பப் பாடசாலையில் கராத்தே பாடமாக நுழைந்தது அவரது முயற்சியால். 1908இல் கல்வி அதிகாரிகளுக்குப் பத்து அம்சங்கள் கொண்ட கடிதமொன்றை எழுதி, இதனை எல்லாப் பள்ளிகளிலும் கற்பிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். முற்றத்தில் ஒருவருக்கு ஒருவர் என்றிருந்த கலை, வகுப்பறையில் ஐம்பது பேர் வரிசையாக நின்று எண்ணிக்கைக்குச் செய்யும் பாடமாயிற்று. கொடகவெலயில் நாங்கள் வரிசையில் நின்று இச்சி, நி என்று எண்ணியதன் தொடக்கம் அந்தப் பள்ளிக்கூடமே.

வரிசை பெரிதானபோது ஓர் இழப்பும் நேர்ந்தது. முற்றத்து மாணவன் தன் ஆசிரியரின் ஆசிரியரை அறிவான். ஒரே ஊரில் இருப்பார்கள். வகுப்பறை மாணவனுக்கு அந்த வாய்ப்பில்லை. சங்கிலியின் முந்திய கண்ணி அவனுக்கு வெறும் பெயராகவே எஞ்சும்.

கடல் கடந்து தேடியவர்

எங்கள் பாணியை உருவாக்கியவர் மியாகி சோஜுன். 1888இல் ஒகினாவாவின் நாஹா நகரில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தவர். பதினான்காம் வயதில் ஹிகாவோன்னா கன்ரியோவிடம் மாணவராகச் சேர்ந்தார். ஹிகாவோன்னா 1853இல் பிறந்தவர். இளமையில் கடல் கடந்து சீனத்தின் ஃபுசூ நகருக்குச் சென்று, அங்கே பல ஆண்டுகள் தங்கிக் கற்றுத் திரும்பியவர். தம்முடைய சீன ஆசானின் பெயர் ‘ரியு ரியு கோ’ என்று மாணவர்களிடம் கூறினார்.

ஒலி மட்டுமே கிடைத்தது. அப்பெயரை எந்தச் சீன எழுத்துகளால் எழுதுவது என்பது உறுதியாகத் தெரியவில்லை. அதுவே முழுப் பெயரா, செல்லப் பெயரா, ஒகினாவாக்காரரின் காதில் திரிந்த பெயரா என்ற ஆய்வு இன்றளவும் முடியவில்லை. நாரைப் பாணியின் ஆசானாகிய சியே சொங்சியாங் என்பவரே அவர் என்று சிலர் கூறுவர். வேறு சிலர் மறுப்பர்.

1915இல் மியாகி தாமே ஃபுசூவுக்குப் பயணமானார். நோக்கம், தம் ஆசிரியரின் ஆசிரியரைத் தேடுவது. அவர் சென்ற காலம் தாமதமான காலம். பொக்ஸர் கிளர்ச்சியும் 1911இன் புரட்சியும் சீனத்தைப் புரட்டிப் போட்டிருந்தன. பழைய பயிற்சிக்கூடம் இல்லை, ஆசானும் இல்லை. கல்லறைக்குச் சென்று வணங்கினார் என்றும், பழைய மாணவரான முதியவர் ஒருவரைக் கண்டு அவர் செய்துகாட்டியதைப் பார்த்தார் என்றும் அப்பாணியின் மரபு கூறுகிறது. அதே ஆண்டு ஒக்டோபரில் ஹிகாவோன்னாவும் காலமானார். ஒரே ஆண்டில், மேலே இருந்த கண்ணியைக் காணாமலும் தன்னைப் பிடித்திருந்த கண்ணியை இழந்தும் நின்றார் மியாகி. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

பின்னர் அவர் உருவாக்கிய ‘தென்ஷோ’ என்ற பயிற்சியைப் பார்த்தவர்கள் அறிவார்கள். சன்சினின் அதே மூச்சும் நிலையும். ஆனால் மூடிய முட்டிக்குப் பதிலாகத் திறந்த கைகள், நீர்போல் ஓடும் அசைவு. ஃபுசூவின் முறைகளை ஆராய்ந்ததன் பயன் அது என்பது பொதுவான கருத்து. தேடிப் போனவரைக் காணாவிட்டாலும் தேடிய பயணம் வீணாகவில்லை.

இன்னொரு நிகழ்வையும் இங்கே பதிவு செய்வது அவசியம். 1930இல் டோக்கியோவில் நடந்த தற்காப்புக் கலை விழாவொன்றில் மியாகியின் மூத்த மாணவர் ஷின்சாட்டோ ஜினான் தமது கலையை நிகழ்த்தினார். முடிந்ததும் ஒருவர், “உமது பள்ளியின் பெயர் என்ன?” என்று கேட்டார். ஷின்சாட்டோ திகைத்துப் போனார். ஜப்பானின் வாள்வித்தைக்கும் ஜூடோவுக்கும் பள்ளிப் பெயர்களும் பதிவுகளும் உண்டு. ஒகினாவாவின் முற்றத்துக் கலைக்கு அப்படி ஏதும் இருந்ததில்லை. ஆசிரியரின் பெயரும் ஊரின் பெயரும் போதுமானவையாக இருந்தன. அவர் அப்போதைக்கு ஒரு பெயரைச் சொல்லிச் சமாளித்தார். ஊர் திரும்பி ஆசிரியரிடம் சொன்னபோது, பழைய சீனக் கைநூலொன்றின் வரியிலிருந்து ‘கோஜு’ என்ற சொல்லை மியாகி தேர்ந்தார். 1933இல் ஜப்பானின் தற்காப்புக் கலைச் சங்கத்தில் அப்பெயர் பதிவாயிற்று. கலை முன்பே இருந்தது. கேட்டவருக்குக் காட்டப் பெயரும் பதிவும் பிறகு தேவைப்பட்டன.

‘சீனக் கை’ ‘வெறுங்கை’யாக மாறியதும் இதே காலத்தில்தான். கராத்தே என்ற ஒலி ஒன்றே. எழுத்து மட்டும் மாறியது. சீனத்துடன் ஜப்பான் போருக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்த காலம் என்பதை மறந்துவிடக் கூடாது. 1936 ஒக்டோபர் 25இல் நாஹாவில் ஆசான்கள் ஒன்றுகூடி அந்த எழுத்தை ஏற்றனர். அக்கூட்டத்தைக் கூட்டியது ரியுக்கியு ஷிம்போ என்ற செய்திப் பத்திரிகை. வாழ்நாளைப் பத்திரிகை அலுவலகங்களில் கழித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி. 2005 முதல் அந்நாளை ஒகினாவா கராத்தே தினமாகக் கொண்டாடி வருகிறது.

1945இன் ஒகினாவாப் போரில் சூரியும் நாஹாவும் தரைமட்டமாயின. ஷின்சாட்டோ அந்த ஆண்டு மாண்டார். எழுதி வைத்திருந்தவை எரிந்தன. எஞ்சியது மனிதர்களின் உடலில் இருந்தது மட்டுமே. மியாகி 1953இல் இறக்கும் வரை தம் வீட்டு முற்றத்திலேயே கற்பித்தார். அந்த முற்றத்திலிருந்து பல கைகள் மாறி கொடகவெலக்கு வந்து சேர்ந்ததே எங்கள் சன்சின்.

நம் பக்கத்துச் சங்கிலிகள்

இரவில் முற்றத்தில் கற்பிப்பது ஒகினாவாவுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. சப்பிரகமுவ, கண்டி இராச்சியத்தின் திசாவனிகளில் ஒன்றாக இருந்த நிலம். சிங்களவரின் பழைய போர்க்கலையான அங்கம்பொர இப்பகுதியிலும் வேரூன்றியிருந்தது. சுதாலிய, மாறுவல்லிய என்ற இரு பரம்பரைகளைப் பற்றி அக்கலையினர் பேசுவர். 1817, 1818இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை ஆளுநர் பிரவுன்றிக் அடக்கிய பின், அங்கம் பயில்வோர் ஒடுக்கப்பட்டனர் என்றும், சில குடும்பங்கள் மட்டும் மறைவாகத் தந்தையிடமிருந்து மகனுக்குக் கொண்டு சென்றன என்றும் அவர்களின் வாய்மொழி மரபு கூறுகிறது. எங்கள் வகுப்பிலிருந்த சிங்கள நண்பர்களுக்குக் கராத்தேயின் கதை புதிதாகத் தோன்றாமைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தோட்டத்துத் தமிழருக்கும் ஆசான் பரம்பரைகள் இருந்தன. தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தவர்களின் கைகளில் அதிகம் சாமான்கள் இருக்கவில்லை. ஆனால் காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் அவர்களுடன் வந்தன. சிலம்பக் கம்பும் தப்பும் வந்தன. மாரியம்மன் திருவிழாவில் கம்பு சுற்றுபவர், “எங்க வாத்தியாருக்கு வாத்தியார் ஊரிலிருந்து வந்தவர்” என்பார். எந்த ஊர் என்று கேட்டால் சிலருக்குத் திருச்சி, சிலருக்குப் புதுக்கோட்டை, சிலருக்குத் தெரியாது. கம்பு மட்டும் பிழையில்லாமல் சுற்றும்.

ஆசிரியரின் ஆசிரியருக்கென்று தனிச்சொல் வைத்திருக்கும் மரபு நம்முடையது. குரு, குருவுக்குக் குருவானவர் பரமகுரு. சைவ மடங்களில் இந்த வரிசையைச் சொல்லி வணங்கிய பின்னரே பாடம் தொடங்கும். தமிழ்ப் புலமையிலும் அவ்வாறே. உ.வே. சாமிநாதையர் தம் ஆசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டபோது, பிள்ளை யார் யாரிடம் பாடம் கேட்டார் என்பதையும் தேடித் தேடித் தொகுத்தார். ஆசிரியர் மறைந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகியும் அந்தத் தேடலை அவர் விடவில்லை.

அவற்றுள் ஒன்று மறக்க முடியாதது. இளமையில் பிள்ளைக்குத் தண்டியலங்காரம் சொல்லிக்கொடுத்தவர் பிச்சையெடுத்து உண்ணும் பரதேசி ஒருவர். அவர் பிச்சைக்குப் போகும்போதெல்லாம் பிள்ளையும் உடன் சென்று, அவர் மனமகிழும்படி நடந்து பாடம் கேட்டார். தமிழின் மாபெரும் பதிப்பாசிரியருக்குப் பரமகுரு முறையில் நிற்கும் ஒருவர், தெருவில் இரந்து உண்ட பரதேசி. ரியு ரியு கோவின் எழுத்துகள் தெரியாமல் ஆய்வாளர் தவிப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இவருடைய நினைவே வருகிறது. கற்பித்தது கைமாறிவிட்டது; கற்பித்தவரின் தாளும் முத்திரையும் எவருக்கும் தேவைப்படவில்லை.

பாட்டனைக் கேட்ட சட்டம்

தேவைப்பட்ட இடம் வேறு. அதைச் சொல்லாமல் அன்றைய கொடகவெலயைப் புரியவைக்க முடியாது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்த ஒருவர் பரம்பரைப் பிரஜையாவதற்கு அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்றது. இல்லையேல் தந்தை வழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும் என்றது. பிறப்புப் பதிவு இல்லாத காலத்தில் லயன் காம்பராவில் பிறந்த ஒருவரின் பாட்டனுக்குச் சான்றிதழை எங்கே தேடுவது? பெருந்தொகையான மலையகத் தமிழர் நாடற்றவராயினர், வாக்குரிமையையும் இழந்தனர். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் முடிவாயிற்று. பிரிக்கப்பட்டவர்கள் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறினர். எஞ்சியோர் விண்ணப்பத்துடன் காத்திருந்தனர். 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பின்னரே இப்பிரச்சினை சட்டப்படி தீர்ந்தது.

1980இல் எங்கள் வீட்டின் விண்ணப்பம் தீராமல் இருந்தது. தகரப் பெட்டியில் துண்டு துண்டான கடிதங்கள், தோட்டத்துச் செக்ரோலில் பெயர் இருந்ததற்கான துரையின் கடிதம், பாட்டனாரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்ட மூன்று தாள்கள். “உன் அப்பா எங்கே பிறந்தார், அவருடைய அப்பா எங்கே பிறந்தார்” என்று உத்தியோகத் தோற்றமுள்ள எவர் கேட்டாலும் வயிறு கலங்கும். இது என் வீட்டின் கதை மட்டுமன்று. எங்கள் தலைமுறையின் கதை.

இப்போது பெரிய சேரின் கேள்விக்கு வருகிறேன். தோள்களைத் திருத்தி முடித்த பின், எங்களைத் தரையில் அமரச் சொன்னார். ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டார். என் முறை வந்தது. பெயரைச் சொன்னேன். எந்தத் தோட்டம் என்றார். சொன்னேன். அடுத்து எந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். மூக்குக் கண்ணாடியும் குடையுமாக அவர் அந்தக் கேள்வியைக் கேட்பவரைப் போலவே இருந்தார்.

“உன் ஆசிரியர் யார்?” என்று கேட்டார்.

எங்கள் சேரின் பெயரைச் சொன்னேன்.

“அவருக்கு?”

“நீங்கள், சேர்.”

“எனக்கு யார் என்று கேட்கவில்லையே?” என்றார். கேட்டேன். அவர் சொன்னார். அதற்கு மேலும் சொன்னார். மியாகி, ஹிகாவோன்னா என்று ஏறி, ரியு ரியு கோவில் நிறுத்தினார். “அவருக்கு மேல் எவருக்கும் தெரியாது. தெரியாவிட்டாலும் அவரும் யாரிடமோ கற்றவர்தான்” என்றார். பிறகு எங்கள் ஐவரையும் அந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லச் செய்தார். தகரப் பெட்டியில் ஒரு பாட்டனை நிரூபிக்க முடியாத நாங்கள், அன்று ஆறு தலைமுறையை மூச்சு விடாமல் ஒப்பித்தோம்.

இதனால் எங்கள் விண்ணப்பம் ஓர் அங்குலமும் நகரவில்லை என்பதை நான் அறிவேன். கராத்தே எவருக்கும் குடியுரிமை தரவில்லை. ஆயினும் பரம்பரை என்ற சொல்லைக் கேட்டாலே குன்றிப் போயிருந்த ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு, அச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்று தெரிந்தது. அங்கே கேட்கப்பட்ட சான்று தாள் அன்று. நின்று காட்டு என்றார்கள், நின்று காட்டினோம்.

பிறகு

1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்தின் பெருந்தோட்டப் பகுதிகளில் தமிழர் மீது வன்முறை மீண்டும் பரவியது. அந்த வரலாற்றைத் தனியே எழுத வேண்டும். எங்கள் ஐவரில் இரு குடும்பங்கள் வவுனியாவுக்குப் போயின. ஒரு குடும்பம் கடவுச்சீட்டுக் கிடைத்து இந்தியாவுக்குக் கப்பலேறியது. நான் கொழும்பு வந்து பத்திரிகை அலுவலகம் ஒன்றில் ஒப்பு நோக்குநராகச் சேர்ந்தேன். ஐந்தாமவர் மட்டும் அங்கேயே இருந்தார். எங்கள் சேர் வகுப்பை நிறுத்தவில்லை. மாணவர் குறைந்தபோதும் மண்டபத்தைத் திறந்து வைத்தார் என்று அந்த நண்பர் பின்னர் எனக்குக் கூறினார். பெரிய சேரும் எங்கள் சேரும் இன்று உயிருடன் இல்லை.

அண்மையில் கொடகவெல சென்றிருந்தேன். தெரு அகலமாகிவிட்டது, கடைகள் பெருகிவிட்டன. ஐந்தாமவர் இப்போது பேரப்பிள்ளைகள் கண்டவர். தாமே வகுப்பு நடத்துகிறார். சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். சீருடைகள் கடையில் வாங்கியவை, பளீரென்ற வெள்ளை. “எனக்கு ஒன்றாகப் படித்தவர்” என்று என்னை அறிமுகம் செய்தார். பிள்ளைகள் வணங்கினார்கள்.

சன்சின் தொடங்கியது. கடைசி வரிசையில் நின்ற பத்து வயதுச் சிறுமிக்கு இடது தோள் சற்றே தூக்கியிருந்தது. நண்பரைத் திரும்பிப் பார்த்தேன், அவருக்கும் அப்படியே. நாற்பது ஆண்டுகளுக்கு முன் திருத்தப்பட்ட தவறு, எப்போதோ மெல்ல மீண்டு வந்து அவர் உடலில் தங்கி, அங்கிருந்து பிள்ளைகளிடம் இறங்கியிருந்தது. பார்த்த எனக்கும் கண் கலங்கியதே தவிர, பிழை கண்ட உணர்வு வரவில்லை. எங்கள் சேர் அந்த மண்டபத்தில் நிற்பது போலிருந்தது.

ஆனாலும் அது சன்சின் இல்லையே. நண்பரிடம் சொன்னேன். அவர் தம் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தார். பிள்ளைகளை அமர வைத்து, அது யாருடைய காயம் என்பதையும், அதனைச் சிரித்துக்கொண்டே திருத்தியவர் யார் என்பதையும் இருவருமாகச் சொன்னோம். பிறகு அந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லச் செய்தோம். இப்போது இரண்டு பெயர்கள் கூடியிருந்தன.